பாவுக் கணக்கில் ஒரு மனை

வீரபாகு மூளையால் ஜெயித்திருந்தால் எனக்கு வயிறு எரிந்திருக்காது. ஆரணியில் பட்டுத் தறி போடுகிற எத்தனையோ பேர் இருக்க, மனைக்கு விலை வைக்கத் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சாதித்தவன் அவன். சொன்னது அத்தனையும் தப்பு. லாபம் மட்டும் அவனுக்கு. என்ன அநியாயம்!

சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூலைப் பாவு என்போம். தறியில் ஏற்றுமுன் விடிகாலையில் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். எங்கள் தெருவில் ஆளுக்கொரு பாவு நீட்டினால் சண்டைதான். எழுபத்தைந்தாம் வருஷம் ஒருநாள் வீரபாகுவின் பாவுக்குள் ஆடு புகுந்துவிட்டது. அன்றைக்கே, வீடு கட்டுவதற்காக அவன் மனைவி கண்ணகி சீட்டுப் போட்டுச் சேர்த்ததை எடுத்துப்போய், பாவு நீட்டவென்றே பெரிய ரோட்டிலிருந்து உள்ளே ஓடும் ஒரு துண்டு நிலம் வாங்கினான். அவன் கணக்கில் நீளம் இரண்டு பாவு. அகலமோ, ஒரு லாரி நுழைந்தால் ஆள் ஒதுங்க இடமில்லை.

“நெலத்துக்கு மதிப்பே நீளத்துலதான்பா. அகலம்லாம் சும்மா,” என்றான். பஸ் ஸ்டாண்டைப் பார்த்து, “மூணு பாவு தேறும்,” என்பான். பெரிய மளிகைக் கடைக்குள் நுழைந்து, “அரைப் பாவு கூட வராது, இதுக்கா இந்த வெல?” என்று முதலாளியிடமே கேட்டுவிட்டு வருவான்.

கண்ணகி அழுதேவிட்டாள். “வாடகை வூட்டுல ஒண்டிகினு கெடக்கறோம். அங்க வூடு கட்டினா பொரண்டு படுக்க முடியுமா?”

“ரயில் பொட்டி மாதிரி கட்டிக்கலாம் கண்ணகி,” என்றான் அந்த மகராசன்.

எண்பத்து மூன்றில் அரிசி மில் முதலாளி சக்கரவர்த்தி, அந்தத் துண்டுக்குப் பின்னாலிருந்த வயலை வாங்கி மனை பிரித்தார். கல் நட்ட பிறகுதான் தெரிந்தது, பெரிய ரோட்டுக்கு வர வீரபாகுவின் துண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்று. சாத்துக்குடித் தட்டோடு வந்து உட்கார்ந்தார். துண்டைத் தெருவுக்கு விட்டால், அதை ஒட்டிய மூலை மனையைத் தருகிறேன், வீடும் கட்டித் தருகிறேன் என்றார். பக்கத்தில் நின்ற நான் எச்சில் விழுங்கினேன்.

வீரபாகு போய்க் காலால் அளந்துவிட்டு வந்தான். “முக்காப் பாவுதான் வருது மொதலாளி. ரெண்டு பாவை வாங்கிகினு முக்கால் தர்றீங்களே, என்னைக் கேனைன்னு நெனச்சிகினீங்களா?”

“அடேய், அது மூணு மடங்கு பெருசுடா!” என்று கத்தினேன்.

“பாவு நீட்ட முடியுமா?” என்றான்.

சக்கரவர்த்தி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். போயிற்று வீடு, பாவம் கண்ணகி என்று நினைத்தேன். அவளோ வாசலை மறித்தாள்.

“இந்தத் துண்டு தெருவாயிட்டா, அது யாருக்கு சொந்தம் மொதலாளி?”

“எல்லாருக்கும்தாம்மா.”

“அப்ப காலையில பாவு நீட்ட உங்க உத்தரவு வேணாமே?”

அவருக்கு அவசரம். “தாராளமா நீட்டிக்கோம்மா,” என்றார்.

வீரபாகு யோசித்தான். “நெலத்தையும் குடுத்துட்டு நீளத்தையும் வெச்சிக்கறதா? இன்னா கண்ணகி, இது மொள்ளமாரித்தனம் இல்ல?”

“கம்முனு கையெழுத்துப் போடுங்க,” என்றாள்.

வீடு எழும்பியது. குடிவந்த மறுநாள் காலை, மற்ற மனைகளுக்குச் செங்கல் ஏற்றி வந்த லாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. தெரு முழுக்க வீரபாகுவின் பாவு. லாரியிலிருந்து இறங்கிய சக்கரவர்த்தி கூச்சல் போட்டார். கண்ணகி தன் சொந்த வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள்.

“சும்மா பேஜார் பண்ணிகினு நிக்காதீங்க மொதலாளி. இந்த முனையைப் புடிச்சிக்குங்க, ஜல்தியா முடிஞ்சிடும்.”

பிடித்தார். வேட்டியெல்லாம் கஞ்சி.