வெடிப்பின் மேல் ஒட்டிய கண்ணாடி

இத்தாலியின் பலெர்மோத் துறைமுகத்தை ஒட்டியிருந்த அந்தக் கத்தோலிக்கக் கோவிலை ஊர்க்காரர்கள் கட்டவில்லை. வடக்கிலிருந்து கப்பலில் வந்த வணிகர்கள் தங்கள் நாட்டவருக்கென்று கட்டியது. பளிங்கும் புனிதரும் அவர்கள் கொண்டுவந்தவை. செத்தவர்களைக்கூட வெளியே புதைக்க விடவில்லை; தரை முழுவதும் அவர்களின் கல்லறைப் பலகைகள். வணிகம் ஓய்ந்து பூட்டிக் கிடந்ததை ஞாயிறுகளில் தமிழ்ப் பூசைக்குத் திறந்துவிட்டார்கள். சியாகுல்லியில் தோடம்பழம் பறிக்கும் வேலை முடிந்து இடமில்லாமல் அலைந்த நான், தரையைக் கூட்டிவிட்டுச் சாமான் அறையில் படுத்துக்கொண்டேன்.

2002இல் நிலம் அதிர்ந்தபோது பக்கச் சுவரில் வெடிப்பு விழுந்தது. பொறியியலாளர் அதன் குறுக்கே இரண்டு மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினார். ஒன்று நெஞ்சு உயரத்தில், மற்றது வளைவு தொடங்கும் இடத்தில். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது, உடனே கோவிலைப் பூட்டவேண்டும் என்றார். பூட்டினால் எனக்குப் படுக்கையும் இல்லை.

அடுத்த ஞாயிறே எங்கள் சனம் கீழ்க் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றத் தொடங்கியது. ஒரேத்தோவில் வீட்டுவேலை செய்யும் மன்னார் அக்கா அடியில் மெழுகுதிரி ஏற்றினார்.

"இதுக்குள்ளை இருக்கிறது எந்தப் புனிதற்றை எலும்பு தம்பி?"

"எலும்பில்லை அக்கா. சுவர் அசையுதோ எண்டு பாக்க ஒட்டினது."

"சும்மா சுவருக்கு ஆர் கண்ணாடி போடுவினம்? நீ கூட்டிறதை மட்டும் பார்."

நான் திரிகளை எடுப்பேன். அவர்கள் திரும்பவும் வைப்பார்கள்.

ஒரு ஞாயிறு, சுவாமியார் பூசை வைக்கும்போது, அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். கீழ்க் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது.

"என்ரை திரிச் சூட்டிலை வெடிச்சிட்டுது போலை. சுவாமிட்டைச் சொல்லிப்போடாதை."

சூட்டால்தான் வெடித்திருக்கட்டும் என்று நானும் விரும்பினேன். ஏணியைச் சாத்தி ஏறினேன். கையோ திரியோ எட்டாத உயரத்தில் இருந்த கண்ணாடியும் உடைந்திருந்தது. இரு துண்டுகளுக்கும் நடுவே என் நகம் நுழைந்தது. கீழே எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"மேலை என்னவாம்?"

"அதுவும் வெடிச்சுப்போட்டுது அக்கா. நான் சுவாமிட்டைச் சொல்லுறன். நீங்கள் ஆக்களை மெல்ல வெளியாலை கூட்டிக்கொண்டு போங்கோ. ஓட வேண்டாம்."

அக்கா திரியை ஊதி அணைத்தார்.

கடைசி ஆளும் போன பிறகு பையை எடுக்க உள்ளே திரும்பினேன். காலையில் நான் கூட்டிய கல்லறைகளின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து கிடந்தது.