றோசலின் அக்காவின் கட்டம் போட்ட கோட்

போன செவ்வாய்க்கிழமை காலை, வேலை செய்யும் வீட்டில் மேசைவிரிப்புகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது ரெஜினா தொலைபேசியில் கூப்பிட்டாள். "யோகம், றோசலின் அக்கா போயிட்டா" என்றாள்.

"ஆர் சொன்னது? நீ கண்ணாலை பார்த்தனியோ?" என்று கேட்டேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு ஏசினாள். "சாவுக்கும் உனக்குச் சாட்சி வேணுமோடி?"

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய், முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். மன்னாரில் பிறந்து, இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் பன்னிரண்டு வருடம் வீடு துடைத்தும் சமைத்தும் வாழ்ந்த றோசலின் அக்கா, நெஞ்சுவலி என்று படுத்து இரண்டாம் நாளே போய்விட்டார். அவரை அறிந்த உங்களில் பலருக்கு, முகத்துக்கும் முதலே அந்தக் கட்டம் போட்ட கோட்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்தக் கோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லாமல் வைத்திருக்கும் கதை ஒன்று இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன்பு, வதிவிடக் காகிதம் எதுவும் இல்லாமல் வந்து இறங்கிய எனக்கு, நகரின் ஒரேத்தோப் பகுதியில் தன் அறையில் இடம் தந்தவர் அவர். கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்கியது. பச்சையும் நீலமும் கட்டம் கட்டமாக, நடுவே மெல்லிய மஞ்சள் கோடு ஓடும் தடித்த கம்பளிக் கோட். "இதென்னக்கா, ஆம்பிளையளின்ரை சாரத்தை வெட்டித் தைச்ச மாதிரி?" என்று சிரித்தேன். "குளிர் வரேக்கை ஆரடி கட்டத்தைப் பார்க்கிறது?" என்றார் அவர்.

நான் பார்த்தேன். ஒக்டோபர் வந்தால் நாங்கள் வேலை செய்யும் வீட்டுக்காரிகளான சினியோராமார் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து மாரிக்கால உடுப்புகளை இறக்குவார்கள். கழித்துவிட்டவை பூச்சி உருண்டை மணத்தோடு எங்களுக்கு வரும். முழங்கை தேய்ந்த சுவெட்டர், சிப் பழுதான ஜக்கெட், இப்படித்தான். உள்துணி கிழியாத, ஒரு பொத்தானும் குறையாத கோட்டை எந்தச் சினியோரா சும்மா கொடுப்பாள்? எடுத்துக்கொண்டு வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் குளிக்கப் போன நேரம் கோட் பொக்கெற்றுக்குள் கையை விட்டேன்.

உள்ளே மடித்த கடதாசித் துண்டு ஒன்று இருந்தது. பெண்களின் பெயர்கள், பக்கத்தில் கிழமைகள். அதிலிருந்த எல்லோரும் என்னைப் போலக் காகிதம் இல்லாதவர்கள். கடைசியில் எழுதியிருந்தது: யோகம், புதன். துண்டை அவசரமாக மடித்துத் திரும்ப வைத்தேன்.

அப்போது நான் ஒரு கட்டடத்தில் படி கழுவப் போவேன். இரண்டாம் மாடி யன்னலால் பார்த்தால், எதிரே பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவின் வாசலும் வெளிநாட்டவர் வரிசையும் தெரியும். அடுத்த சில நாட்களில் மூன்று தடவை, தலையில் துணி கட்டிய ஒரு பெண் அந்தக் கோட்டோடு உள்ளே போவதைக் கண்டேன். காகிதம் இல்லாதவர்களுக்கு பெர்மெஸ்ஸோ, அதுதான் தங்கும் அனுமதி, கொடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. எனக்கு அதுவும் பொறியாகவே பட்டது. இப்போது பொறிக்குள் தள்ளிவிடுகிற ஆளையும் கண்டுபிடித்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன்.

புதன்கிழமைக்கு முன்பே, அவர் வேலைக்குப் போன நேரம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரின் மறுபக்கம் சீசா என்ற பகுதிக்குப் போனேன். போகிற போக்கில் இரண்டு பேரின் காதில் போட்டேன். ஒருத்தி கமலா, மற்றவள் புஷ்பம். "றோசலின் அக்கா பொலிசுக்குப் பேர் குடுக்கிறா. கவனம்." இரண்டு பேர் போதும், கதைக்குக் கால் முளைக்க. அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு அக்கா பன்னிரண்டு பேருக்குச் சமைத்து வைத்திருந்தாராம். ரெஜினா மட்டும்தான் போனாளாம்.

விண்ணப்பம் முடிகிற நாள் நெருங்கியபோது வேறு வழியில்லாமல் நானும் வரிசையில் நின்றேன். மெல்லிய சுவெட்டர், மழைக்காற்று, பல்லுக் கிட்டியது. பத்துப் பேருக்கு முன்னால் அந்தக் கோட் நின்றது. முகத்தை மறைத்துக்கொண்டேன். கோட் திரும்பியது. உள்ளே நின்றவள் ரெஜினா.

"இது றோசலின் அக்காவின்ரை கோட் எல்லோ?"

"ஓம். இஞ்சை வாறதெண்டால் இதைத்தானே மாறிமாறிப் போடுறனாங்கள். நாலு மணித்தியாலம் நிக்கவேணும். 'நடுங்கிக்கொண்டு கதைச்சால் உண்மையும் பொய் மாதிரிக் கேக்கும், படிச்சு வைச்ச இத்தாலியனும் வாயிலை வராது' எண்டு அக்கா சொல்லுவா. நாள் போட்டுத்தான் தாறவ. இப்ப கொஞ்ச நாளா ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஏனெண்டு விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. அன்று விண்ணப்பம் வாங்கும் யன்னலுக்கு முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்குத் தடுமாறியது. குளிரால் மட்டுமல்ல.

நேரே ஒரேத்தோவுக்குப் போனேன். அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க முன்பே, "உன்ரை நாள் புதன்கிழமை. நீ வரேல்லை" என்றார்.

"அக்கா, நான் உங்கடை பொக்கெற்றை..."

"தெரியும். நாலா மடிச்ச கடதாசியை ரெண்டா மடிச்சு வைச்சிட்டுப் போனனி."

"தெரிஞ்சும் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நம்பியிருப்பியோ?"

நம்பியிருக்கமாட்டேன். அன்று அவர் தந்த தேத்தண்ணியைக்கூட, இவர் ஏன் இன்னும் என்னை ஏசவில்லை என்று யோசித்துக்கொண்டுதான் குடித்தேன். அப்படி ஒரு பிறவி நான். அதன் பிறகு வந்த நான்கு மாரியிலும் அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. கோட் எங்கிருந்து வந்தது என்றும் நான் கேட்கவில்லை. அடக்கத்தன்று அவருடைய சினியோராவே சொன்னாள்: அது செத்துப்போன தன் தங்கையின் கோட்டாம். கடைசிவரை தங்கையைப் பராமரித்தவர் றோசலின் அக்கா என்பதால், தானே அவருக்குப் போட்டுவிட்டாளாம்.

கமலாவிடம் நான் அப்போதே உண்மையைச் சொல்லிவிட்டேன். புஷ்பம் அதற்குள் வடக்கே, மிலானோப் பக்கம் போய்விட்டாள். எத்தனையோ பேரிடம் விசாரித்தும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. அவள் மனதில் றோசலின் அக்கா இன்னும் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவராகவே இருக்கிறார். யார் யாரிடம் சொல்லியிருப்பாளோ, அவர்கள் மனதிலும். இதை எழுதுவதே அதற்காகத்தான். புஷ்பம், நீ இதை வாசித்தால், அல்லது வாசிக்கிற ஒருவர் உன்னைக் கண்டால், கேட்டுக்கொள்: நான் சொன்னது பொய். அவர் பேர் கொடுக்கவில்லை, கோட் கொடுத்தார். உனக்கும் ஒரு நாள் குறித்து வைத்திருந்தார்.

அடக்கம் முடிந்து ரெஜினா அந்தக் கோட்டை என்னிடம் தந்தாள். பழக்கதோஷம், கை பொக்கெற்றுக்குள் போய்விட்டது. அதே துண்டு, நாலாக மடித்தபடி. மற்றப் பெயர்களெல்லாம் கோடு போட்டு வெட்டியிருந்தன. என் பெயர் வெட்டவில்லை. பக்கத்தில் இருந்த 'புதன்' வெட்டி, கீழே 'அடுத்த புதன்' என்று எழுதி, அதையும் வெட்டி, திரும்பவும் எழுதியிருந்தது. எண்ணினேன். ஐந்து புதன்கிழமை.

கோட் இப்போது சீசாவில் என் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. குவெஸ்தூராவுக்குப் போகிறவர்கள் வந்து எடுத்துப் போகலாம், ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். அந்தத் துண்டை மட்டும் யாருக்கும் தரமாட்டேன். நாலாகவே மடித்து வைத்திருக்கிறேன்.