கோமதி என்ன செய்தாள்?

மலைநாட்டுக் கொட்டகலை பஸாரில் தையல் கடை வைத்திருந்த இஸ்ஸதீன் நானா தம் ஆயுளில் ஒரே ஒரு படம்தான் பார்த்தார். அதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. கடைசிக் கட்டத்தில் எழுந்து நின்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். இத்தனைக்கும் அவர் படம் பார்க்கிற ஆளே இல்லை. சாகக்கிடந்த வாப்பாவின் கையைப் பிடித்து, படக்கொட்டகை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தவர். அந்த மனுஷனை அட்டன் டவுன் மெட்னி ஷோ வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது ஒரு பாட்டுப் புஸ்தகம்.

அந்தப் புஸ்தகங்களை இப்போது யார் கண்டார்கள்? படம் ஓடுகிற இடத்தில் விற்பார்கள். மட்டத் தாளில் எட்டுப் பக்கம். பாட்டுகளுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும், ஆனால் கதை முடியாது. வில்லன் கத்தியை ஓங்குவான், கதாநாயகி ஆற்றங்கரையில் நிற்பாள், அந்த இடமாகப் பார்த்து, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டு நிறுத்திவிடுவார்கள். போக முடிந்தவன் போய்க் காண்பான், சரி. விடியுமுன் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்குப் போய் ஆள் கணக்குக் கொடுத்து, அந்தி சாய லயத்து அறைக்குத் திரும்பி, அதற்குப் பிறகு அடுப்பு மூட்டுகிற பொம்பளை எந்த வெள்ளித்திரையில் போய்க் காண்பாள்? எழுதினவனுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை.

நானாவின் மச்சான் இக்ராம் அட்டன் கொட்டகையில் பாட்டுப் புஸ்தகம் விற்றான். விற்காமல் மிஞ்சியதைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கடையில் போடுவான். நானா அதில் தைத்த சட்டைகளைச் சுற்றிக் கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தோட்டத்து அழகம்மா, "இதுல என்னா நானா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். இவர் படித்துக் காட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு. நல்ல குரல் அவருக்கு. மவுலூது ஓதிப் பழகிய தொண்டை. அடுத்த ஞாயிறு ஏழு பேர் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு உட்கார இடமில்லை.

பாட்டை மட்டும் படிக்க மாட்டார், அது வாப்பாவுக்கு ஆகாது என்பார். கதையை மட்டும் படிப்பார். கடைசி வரி வந்ததும், "அப்புறம்? அப்புறம் என்னா?" என்று அத்தனை பேரும் பிய்த்து எடுப்பார்கள். "எனக்கென்ன தெரியும்? நான் படம் பாக்கிறவனா?" என்று கத்திப் பார்த்தார். ஒருத்தியும் எழுந்து போகவில்லை. தைக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது. வேறு வழி இல்லாமல் முடிவுகளை அவரே சொல்ல ஆரம்பித்தார். கெட்டவனைப் பாம்பு கடித்தது, நல்லவளுக்குக் கலியாணம் ஆனது, சரி, எழும்புங்கள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது, யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம் கோமதியின் கதை வந்து சேர்ந்தது. படத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். கோமதி தாய் தகப்பன் இல்லாதவள், ஜமீன் பங்களா வேலைக்காரி, பெரிய பக்தை. ஜமீன்தார் மகன் அவளுக்கு 'எச்சில் இலை' என்று பெயர் வைத்துவிட்டான். பங்களாவில் எல்லாரும் அப்படியே கூப்பிட்டுச் சிரித்தார்கள். சுருக்கத்தின் கடைசி வரி இது: 'கோமதி எத்தனை நாள்தான் பொறுப்பாள்? அன்று அவள் என்ன செய்தாள்? மீதியை வெள்ளித்திரையில் காண்க.'

"என்னா செஞ்சா நானா?"

கேட்டது மூலையில் நின்ற ஒருத்தி. அதுவரை ஒரு நாளும் வாயைத் திறக்காதவள். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. நானா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "என்ன செய்வா? உங்க சாமிய நெனச்சுப் பொறுத்துக்கிட்டா. அவன் குதிரையிலருந்து விழுந்து ரெண்டு காலும் போச்சு" என்றார். பொம்பளைகளுக்குப் பரம திருப்தி. இவளுக்கு மட்டும் இல்லை.

"எத்தன நாள் பொறுத்தா?"

"நான் என்ன பக்கத்துல நின்னா பாத்தேன்? பொறுத்தா, அவ்வளவுதான்."

அதோடு விட்டாளா? ஞாயிறு தவறாமல் வந்தாள். அவன் அப்படிக் கூப்பிட்டபோது கோமதி திரும்பிப் பார்த்தாளா, அழுதாளா, மற்ற வேலைக்காரிகள் சிரித்தபோது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புள்ள, ஒனக்குச் சட்ட வேணுமா, கத வேணுமா?" என்று மெஷினை ஓங்கி மிதித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அழகம்மா வேலை செய்த தோட்டத்துக் கங்காணி செல்லசாமி ஒரு நாள் கோட்டுத் தைக்க வந்தான். வாட்டசாட்டமான ஆள், தலைப்பாகை, கையில் பிரம்பு. அளவு கொடுக்கும்போதே நானாவைப் பாராட்டினான்.

"நம்ம பொம்பளைங்களுக்கு நல்ல கத சொல்றீங்களாமே நானா. அந்தக் கோமதி கத. அப்படித்தான் சொல்லணும். பொறுமையா இருந்தா சாமி பாத்துக்கும். நம்ம சல்லட கூட முன்னெல்லாம் மொறைப்பா. இப்ப கப்சிப்புன்னு இருக்கா."

"எந்தச் சல்லட?"

"அதாங்க, மூஞ்சி பூரா ஓட்ட. பெரட்டுல நான் சல்லடன்னு கூப்பிட்டாத்தான் எல்லாருக்கும் வேலையே ஓடும்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நானாவுக்கு நாடா கையில் அப்படியே நின்றுவிட்டது. தாம் கட்டின கதையை இந்தப் பயல் மெச்சுகிறான் என்பது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கோமதியின் கதையைக் கேட்டு ஜமீன்தார் மகன் சந்தோஷப்பட்டால் அது என்ன கதை?

அவன் போன பிறகு, அந்தப் பெண்ணின் பெயர் என்னவென்று பார்க்க அளவுக் கொப்பியைப் புரட்டினார். தேடிக் கண்டுபிடித்தார். 'சல்லடை, சட்டை ஒன்று, கை நீளம்.' அவருடைய கையெழுத்துத்தான். ஒரு வருஷத்துக்கு முன் அழகம்மா சொன்னதை, பெயர் என்று நினைத்து, இல்லை, நினைக்கக்கூட இல்லாமல் எழுதியிருக்கிறார். நானாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் அவருக்குக் கோபமும் கூடவே வரும். அன்று முழுக்க வீட்டில் மனைவி சாரா உம்மாவிடம் எரிந்து விழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டார். "ஒம் பேரு என்ன?"

அழகம்மா வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரு, அவ சொல்லட்டும்."

"வேலாயிங்க."

"வேலாயி, நான் அன்னிக்குச் சொன்னது பிசகு. ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, இப்பத்தான் பிரிச்சுப் பாத்தேன்." பச்சைப் பொய். "கோமதி பொறுக்கல. அவன் எச்சில் இலன்னு கூப்பிட்டப்ப, கையிலருந்தத கீழ வச்சா. எம் பேரு கோமதி, பேரச் சொல்லிக் கூப்பிடுன்னா. அவன் கூப்பிடுற வரைக்கும் நின்ன எடத்த விட்டு அசையல."

"கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான்" என்றார் நானா, கொஞ்சமும் யோசிக்காமல்.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் அழகம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். காலைப் பெரட்டில் செல்லசாமி, "சல்லட, மேல் மலைக்குப் போ" என்றிருக்கிறான். வேலாயி கூடையை இறக்கி வைத்தாள். "எம் பேரு வேலாயிங்க கங்காணி. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள். அவன் மறுபடி சல்லடை என்றான். அவள் நின்றாள். மூன்றாம் தடவையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஒனக்கு வேல இல்ல, லயத்துக்குப் போ" என்று துரத்திவிட்டான்.

"நீங்கள்லாம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் நானா.

"நாங்க என்னா செய்ய நானா? தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கொழுந்துக்குப் போயிட்டோம்."

"ஒரு வருஷமா எங்கிட்ட கத கேட்டீங்களே!" என்று கத்தினார் நானா. அழகம்மா பாவம், வந்த வழியே போனாள்.

செவ்வாய்க்கிழமையும் அதே சேதிதான் வந்தது. வேலாயி பெரட்டுக் களத்தில் போய் நின்றாளாம், வேலை இல்லையாம். நானா சோற்றைத் தள்ளி வைத்தார்.

"கத கட்டுனது நீங்க. பட்டினி கெடக்கிறது அவ" என்றாள் சாரா உம்மா. அவள் எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல மாட்டாள்.

"ஒருவேள படத்துலயும் அப்படித்தான் இருந்தா? அப்ப நான் சொன்னது பொய் இல்லையே."

"போய்ப் பாத்துட்டு வாங்க."

"வாப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் புள்ள."

"வாப்பா படம் பாக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாரு. பொய் சொல்லலாம்னு சொன்னாரா? சத்தியத்த முறிச்சதுக்கு மூணு நோன்பு பிடிச்சுக்கிடலாம். அவளுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

புதன்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, அந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த அட்டனுக்கு பஸ் ஏறினார். கொட்டகை வாசலில் இவரைக் கண்ட இக்ராம், யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்று நினைத்துப் பதறிப் போனான். நானா அவனோடு பேசவில்லை. பிஸ்மி சொல்லிக்கொண்டு உள்ளே போய் ஓரத்தில் உட்கார்ந்தார். மூன்று மணி நேரம். பாட்டு வந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். கோமதி அழுதாள், கும்பிட்டாள், மறுபடி அழுதாள். இதோ இப்போது, இதோ இப்போது என்று நானா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஜமீன்தார் மகனுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. எல்லாரும் ஓடிப்போக, கோமதி ஒருத்தி இருந்து பார்த்துக்கொண்டாள். அவன் கண் விழித்தான். அவள் கையைப் பிடித்தான். கண்ணீர் வடித்துக்கொண்டு சொன்னான்: "எச்சில் இலை, என்னை மன்னித்துவிடு."

கோமதி அவன் காலில் விழுந்தாள். மேளச் சத்தம் கேட்டது. கலியாணம்.

"அட மடையா, பேரச் சொல்லுடா!"

கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நானா விடவில்லை. "அவளுக்குப் பேரு இல்லையா? மன்னிப்புக் கேக்கிறப்பவாவது பேரச் சொல்லுடா! நீ ஏன் புள்ள விழுறே, எழும்பு!" முன்வரிசையில் யாரோ சீழ்க்கை அடித்தான். இக்ராம் ஓடிவந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான். பஸ்ஸில் வரும்போதும் நானாவுக்கு ஆறவில்லை. மூன்று மணி நேரம் உட்காரவைத்து, அடிவாங்கினவளையே காலிலும் விழவைத்து அனுப்பிவிட்டான்கள். அதற்குச் சனங்கள் கை தட்டுகிறார்கள். இதில் இல்லாத ஒன்றைச் சொல்லி ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டது தாம்தான் என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகையே வந்தது.

வியாழக்கிழமை முதல் நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்காத வயிற்றோடு, ஸ்டேஷனைத் தாண்டி, அந்தத் தோட்டத்து மேட்டுப் பாதையில் ஏறினார். வழுக்கினபோதெல்லாம் படம் எடுத்தவனைத் திட்டினார். கொழுந்து நிறுக்கிற இடத்தைத் தாண்டினதும் எதிரே வேலாயி வந்தாள். முதுகில் வெறும் கூடை. விரல்களில் கொழுந்துக் கறை.

"என்னா நானா, இவ்வளவு தூரம்?"

"வேல குடுத்துட்டாங்களா?"

"நேத்துக் காலையில குடுத்துட்டாங்க. மூணாம் நாளும் போயி நின்னேன். தோட்டத்துத் தொர வந்தாரு. கொழுந்து முத்திப் போவுது, ஆளு பத்தல, இந்தப் பொம்பள ஏன் சும்மா நிக்குதுன்னு கேட்டாரு. பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்றாளாம்னாங்க. கூப்பிட்டு அனுப்பித் தொலையேன்னு கங்காணியத் திட்டிட்டுப் போயிட்டாரு."

"கூப்பிட்டானா?"

"கூப்பிட்டாரு. வாய்க்குள்ளதான் சொன்னாரு. அப்பக்கூட வேலாயின்னுதான் வந்துச்சு."

அத்தோடு திரும்பியிருக்கலாம். சாரா உம்மா கூட அப்படித்தான் பிறகு சொன்னாள். நானாவுக்கு மனம் ஒப்பவில்லை. பாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

"வேலாயி, நான் ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டேன். பக்கம் ஒண்ணும் ஒட்டிக்கிட்டு இல்ல. நானாக் கட்டுனது. நேத்துப் போயிப் படத்தப் பாத்துட்டேன். கோமதி ஒண்ணும் கேக்கல. கடைசி வரைக்கும் அவன் எச்சில் இலன்னுதான் கூப்பிட்டான். அவ அவன் கால்ல விழுந்து, அவனையே கட்டிக்கிட்டா."

வேலாயி கூடையை இறக்கி வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நானா காத்திருந்தார்.

"பாவம் நானா அந்தப் புள்ள" என்றாள் வேலாயி. "அவளுக்கு யாரும் கத படிச்சுச் சொல்லல போல."