கொட்டகை ஓரத்துக் காற்று

திருச்சியில் எங்கள் ரைபிள் கிளப் அணியில், முந்நூறு மீட்டர் சுடுவதற்கு ஒரே இடம்தான் மீதம் இருந்தது. அதற்குப் போட்டியிட்டது நானும், மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை நடத்தும் ஒரு பெண்ணும். அவர் கையில் கிளப்பின் பழைய துப்பாக்கி. என்னிடம் புது டெலஸ்கோப், காற்றை அளக்கும் கருவி, குறியைக் கணக்கிட்டுச் சொல்லும் செல்போன் ஆப்.

முதலில் என் முறை. தகரக் கொட்டகை ஓரமாக நின்று கருவியை நீட்டினேன். காற்று இடப்பக்கமிருந்து வீசுவதாகக் காட்டியது. ஆப் சொன்னபடி குறியை இடப்பக்கம் நகர்த்திவிட்டுப் படுத்தேன்.

பின்னால் நின்ற அவர் மெதுவாகச் சொன்னார்: "சார், அந்தக் கடைசியில இருக்கற கொடியப் பாருங்க. அங்க காத்து வலப்பக்கத்துலேர்ந்து வருது."

என்னைக் குழப்பப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "மெஷின் பொய் சொல்லாதுங்க" என்றேன். தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

இலக்குத் தாளைக் கொண்டுவந்தபோது ஐந்து குண்டுகளும் நெருக்கமாக, ஆனால் நடுப்புள்ளிக்கு வெகுதூரம் இடப்பக்கம் தள்ளி விழுந்திருந்தன. கொட்டகையில் மோதித் திரும்பிய காற்றைத்தான் கருவி அளந்திருக்கிறது.

அவர் கொடியைப் பார்த்துப் பார்த்துச் சுட்டார். அவரே தேர்வானார்.

கிளம்பும்போது கேட்டேன். "எதுக்குங்க எனக்குச் சொன்னீங்க? நான் தோத்தா உங்களுக்குத்தானே நல்லது?"

"நீங்க நல்லா சுடுவீங்க சார். அந்தத் திறமையோட போட்டி போடத்தானே வந்தேன்" என்றார்.

கருவி இன்றும் என் பையில் இருக்கிறது. அதை எங்கே நின்று நீட்ட வேண்டும் என்பது இப்போது தெரியும். அந்தப் பெண்ணைப் பற்றி நான் போட்ட கணக்குக்கு மட்டும் எந்தக் கருவியையும் குறை சொல்ல முடியவில்லை.