ஒன்று நாற்பத்திரண்டுக்கு எடுத்த படம்

அன்று மதியம் ஒன்று நாற்பத்திரண்டுக்கு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்?

வீட்டுக் கடன் ஆலோசகராக வேலை பார்க்க இங்கே வளைகுடாவில் லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸுக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஊரில் வங்கியில் வேலை பார்த்ததெல்லாம் செல்லாது. ஒரு ஆபீஸில் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமைக்குள் சான்றிதழைக் கொடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் அல் குசைஸ் வீட்டின் படுக்கையறையில் ஆன்லைன் வகுப்பு. எழுந்து போய்விடாமலிருக்க, கேமரா அவ்வப்போது தானாகவே படம் எடுக்கும். முகம் பொருந்தினால்தான் பாடம் கணக்கில் சேரும். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து.

அன்றைக்கு நான் நிறுத்தவில்லை. மகளின் ஸ்கூல் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. கேஜி பிள்ளைகளை, வீட்டு ஆள் கீழே வந்து நின்றால்தான் இறக்கிவிடுவார்கள். பாடத்தை ஓடவிட்டு, துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பாடம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. கடைசிப் பாடம் முடிந்ததும் வகுப்புத் திரை எல்லாப் படங்களையும் வரிசையாகக் காட்டி, ‘இவற்றில் இருப்பது நானே’ என்று உறுதிமொழிக் கையெழுத்துக் கேட்டது. ஒன்று நாற்பத்திரண்டின் படத்திலும் நான் இருந்தேன். அதே நீலச் சுடிதார். துப்பட்டா மட்டும் இல்லை. மற்ற படங்களில் என் கண் பாடத்தில் இருக்கிறது. இதில் நேராகக் கேமராவைப் பார்க்கிறேன், பிறகு இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததுபோல.

போனில் ஸ்கூல் பஸ் ஆப்பைத் திறந்தேன். குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்த நேரம்: ஒன்று நாற்பத்திரண்டு.

கணவரிடம் காட்டினேன். “டைம் தப்பா விழுந்திருக்கும், விடும்மா” என்றார். பிறகு சிரித்தார். “ரெண்டு பேர் இருந்தா நல்லதுதானே? ஒருத்தி படிக்கட்டும், ஒருத்தி சப்பாத்தி போடட்டும்.”

நான் சிரிக்கவில்லை. முந்தைய படத்தின் நேரமும் அடுத்த படத்தின் நேரமும் சரியாகத்தான் இருந்தன. பயிற்சி நிறுவனத்துக்குப் போன் செய்து, பெயர் சொல்லாமல், படம் தவறாக வருமா என்று கேட்டேன். தமிழ்ப் பெண்தான் எடுத்தாள். “சான்ஸே இல்ல மேடம். ஆள் இல்லன்னா காலி நாற்காலிதான் வரும். ஏன், உங்களுக்கு யார் வந்தாங்க?” வேடிக்கையாகத்தான் கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மகளுக்குத் தலை வாரும்போது, “அன்னிக்கு பஸ் சீக்கிரம் வந்துச்சே, கீழ யாருடா வந்தது?” என்றேன்.

“நீதாம்மா.” கொஞ்சம் யோசித்தாள். “பட் நீ பேசவே இல்ல. லிஃப்ட்லகூட.”

சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தாயா என்று லிஃப்டில் கேட்டதாக எனக்கு ஞாபகம். கேட்டேனா? இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நாளை வியாழன். கையெழுத்துப் போடாமல் உண்மையைச் சொன்னால், பாடத்தின் நடுவே எழுந்து போன குற்றத்துக்கே அந்தப் பாடமும் அதற்குப் பிறகு படித்ததெல்லாமும் ரத்தாகும். ஆபீஸ் காத்திருக்காது. ஆனால், உண்மை என்று தெரியாத எதன் கீழும் கையெழுத்திடாதே என்பதுதான் அந்தப் பயிற்சியின் முதல் பாடமே. அதற்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: நான் கையெழுத்துப் போடலாமா?