பேக்கரியில் கேட்ட என் பாடம்

கேமரா பிடிக்கத் தெரிந்தால் போதும், கதையமைப்பும் பார்வையாளர் கோட்பாடும் எதற்கு என்று, நான் நடத்தும் பாடத்தையே நீக்கப் பார்க்கிறார் எங்கள் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறைத்தலைவர்.

இன்று ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில், நான் பின்னால் இருப்பது தெரியாமல், என் மாணவர்கள் இருவர் தங்கள் குறும்படத்துக்காகச் சண்டை போட்டார்கள்.

“ஹீரோயினுக்கு ரெண்டு பக்கம் வசனம் எழுதியிருக்கேன்டி.”

“பாக்கப்போறது கம்பெனி ஹாஸ்டல் பொண்ணுங்கடா. பாதிப் பேருக்குக் கன்னடம், தெலுங்குதான் தெரியும். யாருக்குப் படம்னு மொதல்ல முடிவு பண்ணுங்கன்னு சார் தலபாடா அடிச்சிக்கிட்டாரே!”

“அப்ப கதைய எப்டி சொல்றது?”

“வீட்டுக்குப் போன் போடுறா. மணி அடிக்குது, யாரும் எடுக்கல. போதும்.”

அவன் வசனத்தைக் கிழித்தான். நான் இன்னொரு டீ சொன்னேன்.

துறைத்தலைவர் வேறு பெயரில் வந்து இந்த வலைப்பதிவைப் படிப்பார். அவருக்காகத்தான் எழுதினேன், மற்றவர்களும் கருத்துச் சொல்லலாம்.