ஜோசப்பின் சுட்ட ரொட்டி

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் ஏழாவது காம்பராவில் பிறந்தவள் ஜோசப்பின். கல்யாணமாகி அதே லயத்தின் ஆறாவது காம்பராவுக்குப் போனாள். "மாமியா வீட்டுக்குப் போக ஒரு செவரு தாண்டுனவ" என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வாய்த்துடுக்கும் வேகமான கையும் உள்ளவள். மலையில் அவளோடு போட்டி போட்டுக் கூடையை நிரப்ப ஆள் கிடையாது. இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. இன்னும் சிரிக்கிறாளா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மகள் ஷாமிலாவைக் கைக்குழந்தையாகவே பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். தோட்டத்துத் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. மற்றதுகள் கத்திக் கூரையைப் பெயர்க்கும்போது ஷாமிலா மட்டும் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி கிடப்பாள். "தங்கமான புள்ள, இருக்கிற எடமே தெரியாது" என்று எல்லோரும் மெச்சினார்கள். ஜோசப்பினுக்குப் பெருமை தாங்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையை மூன்று வருஷம் அடக்கமான பிள்ளை என்று கொண்டாடினார்கள். விடிந்ததும் மலைக்கு ஓடுகிற சனத்துக்கு அழாத பிள்ளையை விடப் பெரிய வரம் ஏது?

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று தெரிந்ததும் லயமே டொக்டர் ஆகிவிட்டது. வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தன்று காய் நறுக்கினாள் என்றார்கள். புல்லுக்கு மருந்தடித்த மலையில் எட்டு மாத வயிற்றோடு நின்றாளே, அதனால்தான் என்றார் கங்காணி வீரய்யா. அந்த மலைக்கு அவளை அனுப்பியதே தான்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. ஜெபக் கூட்டத்தில் பாவத்தை அறிக்கையிடச் சொன்னார்கள். கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்த புருஷன் ஜூட்சன், "எங்க பரம்பரையில இப்பிடி ஒண்ணும் இல்ல" என்று கைகழுவினான். பிறகு பெருநாளுக்கு மட்டும் வந்தான். பிறகு அதற்கும் வரவில்லை.

நுவரெலியாவில் கிளினிக் டொக்டர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னதை நர்ஸ் தமிழில் சொன்னாள். "இத ஓட்டிசம்னு சொல்லுவாங்கம்மா. மூள வளர்ற விதமே வேற. பொறக்குறதுக்கு முந்தியே தொடங்கிருது. பரம்பரையில கொஞ்சம் வரும், வேற காரணமும் இருக்கலாம், ஒங்க புள்ளைக்கு இன்னதுதான்னு யாராலயும் சொல்ல ஏலாது. நீங்க செஞ்ச எதாலயும் இல்ல. இத மாத்த மருந்து இல்ல. ஆனா பயிற்சி குடுத்தா நெறையா பழகிக்குவா. மாசாமாசம் கூட்டிட்டு வாங்க."

தன்மேல் தப்பில்லை என்று கேட்டதும் மனம் லேசாகும் என்றுதான் அந்த நர்ஸ் நினைத்திருப்பாள். ஜோசப்பினுக்கு அது ஆறுதலாக இல்லை. தப்பு ஒன்று இருந்தால் அதைத் திருத்தலாம். தப்பே இல்லையென்றால் எதைப் பிடித்துத் திருத்துவது?

பயிற்சிக்கு மூன்று முறை போனாள். மூன்றாம் முறை ஹோர்ன் சத்தத்துக்கு ஷாமிலா காதைப் பொத்திக்கொண்டு அலற, பஸ்ஸே திட்ட, நானுஓயாவுக்கு முன்னாலேயே கொண்டக்டர் இறக்கிவிட்டான். இடுப்பில் கட்டி வேலைக்குப் போகும் படங்குச் சாக்கில் பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தாள். அதோடு பயிற்சி முடிந்தது.

பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக வந்த பிரேமினி படித்த பெண், நல்லவள், ஒன்பது வயதிலும் ஷாமிலாவைப் பகலில் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டாள். அவள் வேறொன்று சொன்னாள். "புள்ளய மாத்தப் பாக்காதீங்கக்கா. அவ அவதான். நாமதான் ஏத்துக்கணும்."

"நான் ஒம்பது வருசமா ஏத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றாள் ஜோசப்பின். "அவ கத்துறப்ப செவத்துல இடிக்கிறாளே பக்கத்துக் காம்பரா வேலாயி, அவகிட்டப் போயி சொல்லுங்க. எங்கம்மாவும் மாமியாவும் போயிச் சேந்தாச்சு. நான் செத்துப்போனா இவளுக்குத் தண்ணி வேணுமான்னு யாரு கேப்பா? இவளுக்குக் கேக்கத் தெரியாதே."

பிரேமினி, "ஒங்க கையில வாங்கித் திங்கிறாளேக்கா. அதுவும் பேச்சுதான்" என்றாள்.

உண்மைதான். ஷாமிலா தேங்காய் போட்ட கோதுமை மாவு ரொட்டி மட்டுமே தின்பாள். ஓரம் கருக வேண்டும். நீலத் தகரத் தட்டில் இருக்க வேண்டும். அம்மா பிய்த்து உள்ளங்கையில் வைத்து நீட்டினால் இரண்டு விரலால் எடுத்து, முகர்ந்து பார்த்து, வாயில் வைப்பாள். கட்டியணைக்க விடாத பிள்ளை அந்த நேரத்தில் மட்டும் அம்மாவைத் தொடும். காலையும் மாலையும் அந்த இரண்டு விரல்கள் உள்ளங்கையில் படுவதற்காகவே ஜோசப்பின் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்ப்பாள்.

அவளிடம் இருந்தது அவ்வளவுதான். அது போதாது என்று நினைத்தாள். எந்தத் தாய்தான் போதும் என்று நினைப்பாள்?

ஹட்டனில் கடை மாடியொன்றில் இயற்கை வைத்தியம் பார்த்த ஞானரட்ணத்தைத் தேடிப் போனது அப்படித்தான். ஆள் மோசடிக்காரர் அல்ல. தான் சொல்வதை முழுதாக நம்பினார், அதுதான் வினை. "எல்லாம் கோதுமை மாவு செய்ற வேலைங்க. கொடலக் கெடுத்து மூளைக்கு ஏறுது. மூணு மாசம் மாவ அடியோட நிப்பாட்டுங்க. அம்மான்னு கூப்பிடுவா."

யார் சொன்ன காரணத்தையும் மனதார நம்பாதவள் இதை நம்பினாள். மாவுதானே மலைநாட்டின் உணவு! அவள் அம்மா தின்றது ரொட்டி, வயிற்றில் ஷாமிலா இருந்தபோது அவள் தின்றது ரொட்டி. ஆறு வருஷமாகத் தேடிய குற்றவாளி அடுப்புக்குப் பக்கத்துப் பையிலேயே இருந்திருக்கிறான். அவனைத் தூக்கி வெளியே போடலாம். அன்றே மாவுப் பையைத் தூக்கி வேலாயியிடம் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் வைத்த சோற்றை ஷாமிலா தட்டோடு தள்ளிவிட்டாள். இரண்டாம் நாள் தண்ணீர் மட்டும் குடித்தாள். ஜோசப்பின் ஞானரட்ணத்துக்கு ஃபோன் போட்டாள். "வேற மாவுல அதே மாதிரி சுட்டுக் குடுங்க, கண்டுபிடிக்க மாட்டா" என்றார் அவர்.

மூன்றாம் நாள் அரிசி மாவும் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவும் பிசைந்து, தேங்காய் போட்டு, ஓரத்தைக் கருகவிட்டு, நீலத் தட்டில் வைத்துப் பிய்த்து நீட்டினாள். ஷாமிலா இரண்டு விரலால் எடுத்தாள். முகர்ந்தாள். தயங்கினாள். ஆனாலும் அம்மாவின் கை அல்லவா, வாயில் வைத்தாள். அடுத்த கணம் குமட்டித் துப்பினாள். பிறகு ஒன்பது வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள்: தலையை நிமிர்த்தி அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள் ஜோசப்பின்! அது வந்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் பிள்ளை மயங்கி விழுந்தது. த்ரீவீலில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சேலைன் ஏற்றிய நர்ஸ், "திங்கிற ஒண்ணையும் நிப்பாட்டினா எப்பிடிம்மா?" என்று கேட்டாள். ஜோசப்பின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழையபடி கோதுமை மாவிலேயே ரொட்டி சுட்டாள். அதே தேங்காய், அதே கருகல், அதே தட்டு. கையை நீட்டினாள். ஷாமிலா முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. புறங்கையால் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மா இனிமே ஏமாத்த மாட்டேன்டா" என்று ஜோசப்பின் கெஞ்சினாள். பிள்ளைக்கு அந்த வார்த்தைகள் புரிந்ததா என்று யாருக்குத் தெரியும்? கை பொய் சொல்லும் என்பது மட்டும் புரிந்துவிட்டது.

எட்டிப் பார்த்த வேலாயிக்குப் பொறுக்கவில்லை. தட்டை வாங்கி, ஒரு துண்டைப் பிய்த்து, தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். இரண்டு விரல்கள் வந்தன.

"எங்கிட்ட திங்கிறாடி!" என்று வேலாயி கத்தினாள். சொன்ன பிறகுதான் ஜோசப்பினின் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு நாளு போனா சரியாயிரும்" என்று குரலைத் தாழ்த்தினாள்.

சரியாகவில்லை, எட்டு மாதமாகிறது. பிரேமினி இன்னும் பொறுத்திருக்கச் சொல்கிறாள். இப்போது வேலாயி சுவரில் இடிப்பதில்லை, அது ஒன்றுதான் மாற்றம்.

காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஜோசப்பின் ரொட்டி சுட்டு, தட்டை வேலாயியின் கையில் கொடுப்பாள். பிறகு பிள்ளையின் கண்ணில் படாமல் வெளிவாசலில் போய் நிற்பாள். தான் செத்த பிறகு இந்தப் பிள்ளைக்கு யார் தின்னக் கொடுப்பார் என்று பயந்தவள், அதை உயிரோடு நின்றே காதால் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உள்ளே மெல்லும் சத்தம் நின்றதும் வேலாயி காலித் தட்டைக் கொண்டுவந்து தருவாள். ஜோசப்பின் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவாள்.